மைனி மார்க் போடாத பையன்

என் மைனி கார்ப் பந்தயம் பார்க்கிற விதமே தனி. பார்க்க மாட்டார். பந்தயக் காருக்குள் பொருத்தின கேமராவின் காட்சியை நான் மடிக்கணினியில் ஓடவிட்டதும், கார்க் கண்ணாடி துடைக்கிற மஞ்சள் துணியை எடுத்துத் திரைமேல் விரித்துப் போட்டுவிடுவார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு எஞ்சின் சத்தத்தை மட்டும் கேட்பார். சந்தா கட்டிப் படம் வாங்குவது நான், அதை மூடிப்போடுவது அவர் என்று எனக்குக் கடுப்பாக வரும். எழுந்து நடப்பேன், உட்காருவேன், செல்போனை எடுத்துப் பார்ப்பேன். ஓர் இடத்தில் இருக்கிற ஜென்மம் இல்லை நான். நான் நாற்காலியை இழுக்கிற சத்தத்துக்கு மட்டும் ஒரு கண்ணைத் திறந்து முறைத்துவிட்டு மறுபடி மூடிக்கொள்வார்.

மைனி என்றால் அண்ணன் மனைவி. அண்ணன் வளைகுடாவில் வேலையில் இருந்தான். மைனி தென்காசியில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தார். ஒரு தகரக் கூரை அறை, இரண்டு கார், வாசலில் சிவப்பில் பெரிய எல் போர்டு. படிக்க வருகிறவர் ஸ்டியரிங்கைப் பிடிக்க, மைனி இடப்பக்கம் உட்கார்ந்திருப்பார். அவர் காலுக்கடியிலும் ஒரு பிரேக்கும் கிளட்சும் உண்டு. வருஷக்கணக்காக அந்த இடது சீட்டிலேயே உட்கார்ந்திருந்ததில், பக்கத்தில் இருப்பவர் பயப்படுகிறாரா, திமிரில் ஓட்டுகிறாரா, மனசு வேறெங்காவது கிடக்கிறதா என்பதெல்லாம் எஞ்சின் சத்தத்திலேயே அவருக்குத் தெரிந்துவிடும். "மூஞ்சியச் சிரிச்ச மாதிரி வச்சுக்கிடலாம் தம்பி, கால அப்படி வச்சுக்கிட முடியாது" என்பார்.

இந்தத் திறமையை வீணாக்கக்கூடாது என்று யூடியூப் சேனல் ஆரம்பித்தது என் வேலை. நாலு சக்கரமும் வெளியே தெரிய, ஒற்றை ஆள் உட்கார்ந்து ஓட்டுகிற பந்தயக் கார்கள் இருக்கின்றனவே, அவற்றின் உச்சப் பந்தயத் தொடரில் உலகம் முழுக்கத் தேடினாலும் இருபத்துச் சொச்சம் பேருக்குத்தான் இடம். வருஷத்துக்கு இரண்டு மூன்று பேர் புதிதாக உள்ளே வருவார்கள். நாலைந்து பந்தயம் முடிந்ததும் அவர்களுக்குப் பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவோம். மைனியின் முறை எளியது. ஓர் அணியில் இரண்டு கார், இரண்டும் ஒரே மாதிரி. முதலில் பழைய ஆள் ஒரு வளைவைக் கடக்கிற சத்தத்தைக் கேட்பார். பிறகு அதே வளைவில் புதியவனின் சத்தம். பழைய ஆள் ஆக்சிலேட்டரிலிருந்து எங்கே காலை எடுக்கிறான், இவன் எங்கே எடுக்கிறான், எடுத்த காலை மறுபடி எப்போது வைக்கிறான், அவ்வளவுதான். அவர் சொன்ன மார்க்குகள் வருஷக் கடைசியில் பெரும்பாலும் பலித்தன. நெல்லைத் தமிழில் ஒரு பெண் வெளிநாட்டுப் பையன்களைப் போட்டு வறுப்பதைப் பார்க்க ஏகப்பட்ட பேர் வந்தார்கள். பாதிப் பேர் வளைகுடாவில் இருந்த நம் ஊர்க்காரர்கள்.

அந்த வருஷம் உள்ளே வந்த புதியவர்களில் ஒருவன் கடையநல்லூர்க் குடும்பத்துப் பையன். பிறந்து வளர்ந்ததெல்லாம் வளைகுடாவில், அப்பாவுக்கு அங்கே வியாபாரம். ஆனாலும் சொந்த ஊர் சொந்த ஊர்தானே. கடையநல்லூர் பஸ் நிலையத்துப் பக்கம் அவன் ஹெல்மெட்டோடு நிற்கிற ஆளுயர பிளெக்ஸ்கள் வைத்தார்கள். கார்ப் பந்தயம் என்றால் என்னவென்றே தெரியாதவர்கள்கூட டீக்கடையில் டயரைப் பற்றிப் பேசினார்கள். நானும் தலைகால் புரியாமல்தான் திரிந்தேன். எங்கள் வீடியோ எதைப் போட்டாலும் கீழே ஒரே கேள்வி, நம்ம பையனுக்கு எத்தனை மார்க் என்று.

நாலாவது பந்தயம் முடிந்த வாரம் குற்றாலத்தில் சாரல் ஆரம்பித்திருந்தது. தென்காசியிலும் தகரக் கூரையில் தூறல் விழுந்துகொண்டே இருந்தது. மைனி அவனுடைய ஓட்டத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டார். வழக்கமாக ஒரு தடவை போதும் அவருக்கு. கடைசியில் துணியை எடுத்து மடித்து வைத்துவிட்டு, இவனுக்கு இப்போது மார்க் வேண்டாம் என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. மற்ற இரண்டு பேருக்குப் போட்டாயிற்று, சொந்த ஊர்ப் பையனுக்குப் போடாவிட்டால் சும்மா விடுவார்களா என்று குதித்தேன். அப்போதுதான் சொன்னார்.

"பயப்படுதான் தம்பி."

எல்லாப் புதுப் பையனும் கொஞ்சம் நிதானமாகத்தான் ஓட்டுவான், அதைப் போய்ப் பயம் என்கிறீர்களே என்று நான் வாதாடினேன். மைனி தலையை ஆட்டினார். பழகாதவன் காலை எடுத்தால் சுற்றுக்குச் சுற்று அது குறைந்துகொண்டே வரும், இவனுக்குச் சுற்றுக்குச் சுற்று கூடிக்கொண்டே வருகிறது என்றார். அதுவும் வேகமான வலது வளைவுகளில் மட்டும். எனக்கு அப்போது ஒன்று ஞாபகம் வந்தது. பந்தயங்கள் தொடங்கும் முன் நடந்த சோதனை ஓட்டத்தில் அவன் கார் ஒரு வலது வளைவில் சறுக்கிப் போய்ச் சுவரில் மோதியது. அடி ஒன்றும் இல்லை. காரை விட்டு இறங்கிக் கையை ஆட்டிச் சிரித்த படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. அந்தப் படத்தைத்தான் பிளெக்ஸிலும் போட்டிருந்தார்கள். அதற்குப் பிறகு மைனிக்குத் தெரியாமல் நானும் அந்த வளைவுகளைக் கேட்டுப் பார்த்தேன். தெரிந்த பிறகு அது கேட்கிறது. எஞ்சினில் ஒரு சின்ன மூச்சு இழுப்பு, அவ்வளவுதான். ஆனால் கேட்டுவிட்டால் அப்புறம் தூக்கம் வராது.

இரண்டொரு வாரம் கழித்து ஓர் அம்மா கார் பழக வேண்டும் என்று வந்தார். கறுப்புப் புர்கா, கையில் விலை உயர்ந்த செல்போன், நாற்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். லீவுக்கு ஊருக்கு வந்திருப்பதாகவும் சொந்தக்காரர்களோடு குற்றாலத்தில் லாட்ஜில் தங்கியிருப்பதாகவும் சொன்னார். மைனி அவரை ஸ்டியரிங்கில் உட்கார வைத்தார். எனக்கும் குற்றாலத்தில் ஒரு ஜோலி இருந்ததால் பின்சீட்டில் ஏறிக்கொண்டேன். சீசன் கூட்டத்தில் ரோடு நகரவே இல்லை. அந்த அம்மா ஓட்டியதைப் பார்த்தால் பழக வந்தவர் மாதிரித் தெரியவில்லை, கார் வழுக்கிக்கொண்டு போனது. ஐந்தருவிப் பக்கம் ஓரமாக நிறுத்தச் சொன்ன மைனி, உங்களுக்குத்தான் நன்றாக ஓட்டத் தெரிகிறதே, எதற்கு வந்தீர்கள் என்று கேட்டார்.

அவர் அந்தப் பையனின் அம்மா. சண்டைக்கு வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை. கண்ணாடியில் சாரல் படிந்து வெளியே எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போகிறவர்கள் மங்கலாகத் தெரிந்தார்கள். அவர்களைப் பார்த்தபடியே பேசினார்.

"எல்லாரும் அவன் நல்லா ஓட்டுதான்னுதான் சொல்லுதாங்க. டீம்ல சொல்லுதாங்க, ஊர்ல சொல்லுதாங்க, அவங்க வாப்பா சொல்லுதாங்க. நீங்க மட்டும் ஒண்ணும் சொல்லல. அதான் வந்தேன்."

மைனி என்னிடம் சொன்னதை அப்படியே சொன்னார், எதையும் மழுப்பவில்லை. அந்த அம்மா அழவில்லை. முன்பெல்லாம் சாப்பிட்டாயா என்று கேட்டால் எரிந்து விழுகிற பையன், இப்போது எத்தனை தடவை கேட்டாலும் சிரித்துச் சிரித்துப் பதில் சொல்கிறான், அதிலிருந்தே ஏதோ சரியில்லை என்று எனக்குத் தெரிந்துபோயிற்று என்றார். வருகிற ஞாயிற்றுக்கிழமை பந்தயம். அந்தத் தொடரிலேயே மிக வேகமான வலது வளைவு இருக்கிற தடம் அது. அது எங்கள் மூன்று பேருக்குமே தெரியும். நான் கதவைத் திறந்து இறங்கி நின்றேன், நனைந்தேன், திரும்பவும் ஏறிக்கொண்டேன். அதற்குள் அவர் மகனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்திருந்தார்.

பையனுக்கு எங்கள் சேனல் தெரிந்திருந்தது. மைனி பெயரைச் சொன்னதும் சந்தோஷமாகச் சிரித்தான். எல்லாருக்கும் போட்டுவிட்டு எனக்கு மட்டும் ஏன் ஆன்ட்டி மார்க் போடவில்லை என்று கேட்டான். மைனி சிரிக்கவில்லை.

"வலது வளைவுல ஒன் கால் மேல வருது. எப்பருந்து?"

லைன் போய்விட்டதோ என்று அவன் அம்மா போனைத் தூக்கிப் பார்த்தார். அப்புறம் அவன் குரல் வந்தது, வேறு யாரோ பேசுவது போல.

"டெஸ்ட்ல மோதுனதுலேருந்து."

"வேற யாருக்குத் தெரியும்?"

"எல்லாருக்கும் ஆன்ட்டி. டேட்டால இருக்குல்லா. யாரும் கேக்கல."

இத்தனை வருஷம் கழித்தும் அந்தக் கடைசி வார்த்தையை நினைத்தால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. நூற்றுக்கணக்கான பேர் வேலை பார்க்கிற அணி அது. கால் எவ்வளவு அழுத்துகிறது என்பதைக் கோடு போட்டுக் காட்டுகிற திரைகள் சுவர் முழுக்க இருக்கும். அத்தனை பேரும் அந்தக் கோட்டைப் பார்த்தார்கள், நேரம் எவ்வளவு வீணாகிறது என்று கணக்கும் போட்டிருப்பார்கள். என்னப்பா என்று ஒருத்தன் கேட்கவில்லை. இப்போது நான் என்ன செய்யட்டும் என்று அவன் மைனியிடம் கேட்டான்.

"ஓட்டுன்னும் சொல்ல மாட்டேன், எறங்குன்னும் சொல்ல மாட்டேன். எங்கிட்டப் படிக்கவங்களுக்குன்னா எங் காலடியில ஒரு பிரேக்கு உண்டு. ஒனக்கு அது எங்கிட்ட இல்ல. ஒங்கிட்டதான் இருக்கு."

அப்போதுதான் அந்த அம்மா குறுக்கே வந்து மகனிடம் பேசினார். "எறங்குனியன்னா வாப்பாட்ட நான் பேசிக்கிடுதேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். போனை வைத்துவிட்டுக் காரைத் திருப்பினார்.

அந்த வாரம் முழுக்க நான் நிலைகொள்ளாமல் அலைந்தேன். செங்கோட்டைக்குப் பைக்கில் போவதும், போன வேகத்தில் திரும்புவதுமாக இருந்தேன். மைனி வழக்கம்போல் எல் போர்டு மாட்டிக்கொண்டு போய்வந்தார். ஆனால் மைனியே கிளட்சுக்குப் பதில் பிரேக்கை மிதித்ததாக ஒரு மாணவி சொல்லிச் சிரித்தாள். சனிக்கிழமை செய்தி வந்தது. சொந்தக் காரணங்களால் அவன் விலகுகிறான், அவனுக்குப் பதில் வேறொருவன் ஓட்டுவான் என்று ஒற்றை வரி. மைனி அதைப் படித்துவிட்டு உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார்.

ஊரில் பிளெக்ஸ்களை இறக்கினார்கள். எங்களுக்கு வசை மழை. அந்தப் பையனுக்கு மார்க் போடாமல் இழுத்தடித்து ராசியைக் கெடுத்துவிட்டோமாம், பொறாமையாம், இன்னும் எழுதக்கூடாததெல்லாம் எழுதினார்கள். நடந்ததைச் சொல்லிவிடலாம் மைனி, எல்லாரும் வாயடைத்துப் போவார்கள் என்று நான் கெஞ்சினேன். அவன் பயம் அவனுடையது, அதை எடுத்து ஊருக்குக் காட்டுவதற்கு நமக்கு என்ன பாத்தியதை என்று கேட்டார். அந்த வருஷ மார்க் பட்டியலில் அவன் பெயருக்கு நேரே ஒன்றும் எழுத விடவில்லை. அதற்கு மேல் மார்க் போடுகிற ஆசையும் அவருக்குப் போய்விட்டது. போடுவதை நீ போடு, நான் கேட்டுச் சொல்கிறேன் என்று விலகிக்கொண்டார்.

அடுத்த சீசனுக்குப் பையன் அம்மாவோடு குற்றாலத்துக்கு வந்தான். ஒல்லியாக, சாதாரணமாக இருந்தான். மைனியின் காரை எல் போர்டைக் கழற்றாமலே பழைய குற்றாலம் வரை ஓட்டினான். பின்னால் வந்த வேன்காரன் ஆரன் அடித்துத் திட்டுகிற அளவுக்கு மெதுவாக. மைனி சிரித்துச் சிரித்து இருமினார். அந்த ஞாயிற்றுக்கிழமை ஓட்டியிருந்தால் உயிருக்கு ஆபத்து வந்திருக்கும் என்று நினைக்கிறாயா என்று நான் முந்திரிக்கொட்டை மாதிரி கேட்டுவைத்தேன். "அப்படில்லாம் இல்ல, நல்லாத்தான் முடிச்சிருப்பேன். முடிச்சிட்டு அடுத்ததுக்கும் ஏறியிருப்பேன். அதான் பயம்" என்றான். இப்போது பந்தயக் கார் செய்கிற இடத்தில்தான் வேலை பார்க்கிறான், ஓட்டுவதில்லை.

மைனி இப்போது அண்ணனோடு வளைகுடாவில் இருக்கிறார். அங்கே பெண்களுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறாராம். சேனலை நான் தனியாக நடத்துகிறேன். மார்க்கும் நானே போடுகிறேன். அவர் அளவுக்குக் காது இல்லை என்று எனக்கே தெரியும், பார்க்கிறவர்களுக்கும் தெரியும், அவர்கள் அதைச் சொல்லவும் செய்கிறார்கள். இந்த வருஷம் மூன்று புதியவர்கள். அதில் ஒருவன், வாயில் நுழையாத ஊர்ப் பெயர், பத்தொன்பது வயது, தமிழ் என்றால் என்னவென்றே தெரியாதவன். போன வாரம் அவன் ஓட்டத்தைக் கேட்டேன். ஓர் இடது வளைவில் கால் மேலே வருகிறது. முதல் சுற்றில் கொஞ்சம், பத்தாவது சுற்றில் இன்னும் கொஞ்சம். எனக்குத்தான் அப்படிக் கேட்கிறதோ என்று மைனிக்கு அனுப்பினேன். அவரிடமிருந்து ஒரே ஒரு வார்த்தை வந்தது. "ஆமா."

அவன் அம்மா ஐந்தருவிக்கு வரப்போவதில்லை. எனக்கு வேறு வழி தெரியவில்லை. அவனுடைய இன்ஸ்டாகிராம் பக்கத்தைத் தேடிப் பிடித்தேன். லட்சக்கணக்கான பேர் இதயம் போட்டிருந்தார்கள். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், அந்த இடது வளைவில் உன் கால் மேலே வருகிறது, எப்போதிலிருந்து என்று கேட்டு அனுப்பினேன். அனுப்பி நாலு நாளாகிறது. வெளியே நல்ல சாரல். நான் வாசலுக்கும் அறைக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன். அவன் இன்னும் திறந்து பார்க்கவில்லை. நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை.