பதினோரு கையெழுத்து

அப்பாவை நம்பியவர்களில் முதல் ஏமாளி நான்தான். இதை இன்னும் கோபமில்லாமல் சொல்ல வரவில்லை.

அவர் தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. சார். உலகம் முழுக்கப் பெண்பிள்ளைகளை ஐஸ் ஹாக்கி ஆடிப்பார்க்கக் கூப்பிடும் ஒரு வீடியோவை போன வருஷம் போனில் பார்த்தார். பைத்தியம் பிடித்துக்கொண்டது. இந்த ஊரில் ஐஸுக்கு எங்கே போக? ஆடியில் முகூர்த்தம் இல்லாமல் பூட்டிக் கிடந்த குற்றாலத்துக் கல்யாண மண்டபம் ஒன்றைக் கேட்டு வாங்கினார். வெளியே சாரல், அருவிக்கு வந்த கூட்டம். உள்ளே நானும் அவர் பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகள் பதினோரு பேரும் காலில் சக்கர ஸ்கேட் மாட்டிக்கொண்டு, டயரில் வெட்டிய ரப்பர் வட்டைக் குச்சியால் விரட்டிக்கொண்டிருந்தோம். எனக்குப் பதினாறு வயது. அத்தனை பேரிலும் நான்தான் வேகம். பெருமைக்குச் சொல்லவில்லை, உண்மை.

கொச்சிப் பக்கம் ஒரு மாலில் நிஜ ஐஸ் தரை இருந்தது. ஒருநாள் பெண்பிள்ளைகளை அங்கே ஆடிப்பார்க்க விடுகிறார்களாம். அடிபட்டால் நாங்களே பொறுப்பு என்று பெற்றோர் கையெழுத்துப் போட்ட தாள் மட்டும் வேண்டும். அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினார்.

"பல்லு கில்லு போயிட்டுன்னா நாளைக்கு எவன் சார் கட்டுவான்?" என்று கேட்டார் என் சிநேகிதியின் அம்மா. பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் காய் வியாபாரம் செய்கிறவர், லேசில் மசிய மாட்டார்.

"எம் மவளே போவுதால்லா, பொறவு ஒங்களுக்கு என்ன பயம்?" என்று அப்பா என் தோளில் கை வைத்தார்.

அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பதினோரு வீட்டிலும் இதே பேச்சுதான்.

கிளம்பும் நாள் விடியலில் நான் ஷூ மாட்டிக்கொண்டிருந்தேன்.

"நீ வேண்டாம்மா," என்றார் அப்பா.

"ஏம்ப்பா?"

"அந்த வீடியோவ ராத்திரி திரும்பப் பாத்தேன், ஒரு பிள்ளைக்கு தாடை கிழிஞ்சிட்டு. பாத்ததுலேருந்து மனசு கேக்கல. எனக்கு நீ ஒருத்திதாம்ட்டி."

மற்றவர்களுக்கு மட்டும் என்ன, வீட்டுக்கு நாலு மகளா? கேட்டேன். கத்தியே கேட்டேன். அவர் விசிலை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

வேன் எங்கள் வாசலில்தான் நின்றது. பிள்ளைகளை ஏற்றிவிட அம்மாக்கள் வந்திருந்தார்கள். "ஏட்டி, நீ கெளம்பலியா?" என்று என்னைக் கேட்டார் சிநேகிதியின் அம்மா.

"அவளுக்குக் காய்ச்சல்," என்று அப்பா முந்திக்கொண்டார்.

இல்லை என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பதினோரு பேரையும் இறக்கியிருப்பார்கள். சிநேகிதி ஜன்னலோரம் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா அத்தை, காய்ச்சல்," என்றேன்.

வேன் கேரள எல்லையில் புளியறை தாண்டியிருக்கும், அதுவரை அழுதேன். பெற்ற அப்பாவே இப்படிக் கழுத்தறுத்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

மறுநாள் சிநேகிதி வீட்டுக்கு வந்தாள். முட்டியில் சிராய்ப்பு, முகமெல்லாம் சிரிப்பு.

"செத்த மூதி, நேத்துன்னு பாத்தா ஒனக்குக் காய்ச்சல் வரணும்? எட்டு மட்டம் விழுந்தேன்ட்டி. அழுகையே வந்துட்டு. ஒங்கப்பாதான் கையப் பிடிச்சுத் தூக்கிவிட்டு, 'விழுந்தா என்ன தாயி, நான் இருக்கேம்லா, எந்திச்சு ஆடு'ன்னாரு. நீ குடுத்து வச்சவட்டி."

உள்ளே அப்பா செருமும் சத்தம் கேட்டது. அவர் வெளியே வரவில்லை.

"ஆமாட்டி," என்றேன். நான் விழுவதற்கே அவர் விடவில்லை என்று அவளிடம் எப்படிச் சொல்ல?