டயாலிசிஸ் அறையின் மதியப் படங்கள்

அக்கா நர்ஸ் படிப்பு முடித்த கையோடு குவைத்துக்குப் போனவள். அவள் சம்பளத்தில்தான் நான் நாகர்கோவிலில் கல்லூரி படித்தேன். கல்யாணத்தைப் பற்றி யார் கேட்டாலும் அடுத்த லீவுக்குப் பார்க்கலாம் என்பாள். கடைசியில் நிரந்தரமாகத் திரும்பி வந்தபோது அவளுடைய இரண்டு சிறுநீரகங்களும் கெட்டுப்போயிருந்தன.

வாரத்தில் மூன்று நாள் மதியம் அவளை மார்த்தாண்டத்தில் ஒரு மருத்துவமனைக்கு ஆட்டோவில் கூட்டிப்போவேன். டயாலிசிஸ் அறையில் நான்கு கட்டில்கள், நான்கு மெஷின்கள், சுவரில் ஒரு டிவி. எப்போதும் செய்திதான் ஓடும். யாரும் அதைப் பார்க்கமாட்டார்கள். எல்லோரும் சொல்லிவைத்தது போல மேற்கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பார்கள்.

ஒருநாள் அக்கா என்னிடம் ரிமோட்டை எடுக்கச் சொன்னாள். சேனலை மாற்றிக்கொண்டே போனதில் ஒரு டப்பிங் படம் வந்தது. ஒரு ராட்சத முதலை அமெரிக்க ஊரொன்றைத் தின்றுகொண்டிருந்தது. அதன் வாலில் தையல் தெரிந்தது. தொப்பி வைத்த வெள்ளைக்கார போலீஸ்காரர் அதை மெட்ராஸ் பாஷையில் திட்டினார். அக்கா சிரித்தாள். ஊசி குத்திய கையை அசைக்கக்கூடாது என்பதால் உடம்பை இறுக்கிக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அந்த அறையில் அதற்கு முன்பு யாரும் சிரித்து நான் கேட்டதில்லை.

பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. பாம்பு, சிலந்தி, வேற்றுக்கிரகத்துப் புழு என்று எது வந்தாலும் பார்த்தோம். படம் எவ்வளவு மட்டமோ அக்காவுக்கு அவ்வளவு இஷ்டம்.

பக்கத்துக் கட்டிலில் தேங்காப்பட்டணத்துக்காரர் ஒருவர் இருந்தார். வாழ்நாளெல்லாம் கடலுக்குப் போனவர். சுறா படம் வந்தால் மட்டும் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொள்வார்.

"கடல்லயே கெடந்த ஆளு, இந்த ரப்பர் மீனப் பாத்தா பேடிக்கிய?" என்று அக்கா கேட்டாள்.

"கடல்லன்னா எனக்க கையில வலை உண்டும் பிள்ளே," என்றார் துண்டுக்குள்ளிருந்து. "இங்க கையையும் கெட்டிப் போட்டிருக்கினும்."

ஒரு திங்கட்கிழமை அந்தக் கட்டிலில் வேறொருவர் படுத்திருந்தார். என்ன ஆயிற்று என்று அக்கா கேட்கவில்லை. அத்தனை வருடம் நர்ஸாக இருந்தவளுக்குக் கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. அன்று சுறாவும் வேண்டாம், பாம்பும் வேண்டாம் என்றாள்.

அதன்பின் பழைய கல்லூரிக் காதல் படங்களைத் தேடிப் போட்டோம். பஸ் படிக்கட்டில் தொங்கும் நாயகன், நோட்டுப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடக்கும் நாயகி, மாணவன் வேடத்தில் நாற்பது வயது நடிகர்கள். நான் எல்லாவற்றையும் படித்த காலத்திலேயே பார்த்திருந்தேன். அக்கா ஒன்றைக்கூடப் பார்த்திருக்கவில்லை.

"இத நீ தியேட்டர்ல பாத்தியா?"

"பாத்தேன்."

"யாருக்ககூட?"

வகுப்பைக் கட்டடித்துவிட்டுத் தோழிகளோடு போனது, பாட்டு வந்ததும் பின்வரிசைப் பையன்கள் விசிலடித்தது, இடைவேளையில் ஒருவன் எங்களுக்கு முறுக்கு வாங்கித் தந்தது என எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா டிவியை விட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக் கேட்டாள். அந்த முறுக்குப் பையனைப் பற்றி மறுபடியும் கேட்டாள். அவளுக்கு அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. எனக்குத்தான் இருந்தது. நான் விசில் சத்தத்தில் உட்கார்ந்திருந்த அந்த மதியங்களில் அவள் முன்பின் தெரியாத கிழவர்களுக்குப் படுக்கை மாற்றிக்கொண்டிருந்தாள்.

விளம்பரங்கள் அதிகம் என்பதால் படம் முடிவதற்குள் மெஷினிலிருந்து கழற்றிவிடுவார்கள். மீதிக் கதையை வரும் வழியில் நான் சொல்ல வேண்டும். ஒருநாள் மேம்பாலத்துக்கு அடியில் ஆட்டோ நெரிசலில் மாட்டிக்கொண்டு நின்றது. அன்றைய படத்தில் நாயகன் கடைசியில் செத்துப்போவான். அவர்கள் கல்யாணம் செய்துகொண்டு நன்றாக இருந்தார்கள் என்று சொன்னேன்.

"கள்ளம் சொல்லாதே மக்கா," என்றாள் அக்கா. "அவன் மொதல்ல இருமும்போதே எனக்குத் தெரியும்."

அடுத்த மாதம் அவள் கையில் ஊசி குத்தும் நரம்பு அடைத்துப்போனதால் கழுத்தில் குழாய் போட்டார்கள். அதன் வழியாகக் கிருமி தொற்றிக் காய்ச்சல் வந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தார்கள். அங்கே டிவி கிடையாது. பார்வையாளர் நேரத்தில் உள்ளே போனபோது, தன் தலைமாட்டில் இருந்த மானிட்டரைப் பார்த்து எண்களை எனக்குப் படித்துக் காட்டினாள். வேறு யாரோ ஒரு நோயாளியின் எண்களைச் சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

"இனி மெஷின் வேண்டாம். என்ன வீட்டுக்குக் கொண்டு போ."

டாக்டர் ஒரு நாள் யோசித்துச் சொல்லுங்கள் என்றார். அக்கா யோசிக்க ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டாள். வீட்டில் முன்னறையில் கட்டிலைப் போட்டேன். டிவி போடட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாமென்று தலையசைத்தாள். பெரும்பாலும் தூங்கினாள். விழித்தால் என் கையைப் பிடித்துக்கொள்வாள். வெளியே மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு காலையில், நான் கஞ்சி எடுத்துவரப் போயிருந்த நேரத்தில், அவள் போய்விட்டாள்.