நாய் பிடித்த ஆய்வக உதவியாளர்

ஆய்வக உதவியாளர் ஓர் அதட்டல் போட்டால் பள்ளியே பெட்டிப்பாம்பாய் அடங்கிவிடும். அவருக்கு நாய் என்றால் குலைநடுக்கம் என்பது மனைவி மட்டுமே அறிந்த இரகசியம்.

தேர்வை நினைத்து நடுங்கும் மாணவர்களைத் தேற்றுவதற்காகப் பள்ளிக்கு ஒரு நாய் வந்தது. தலைமையாசிரியை அதன் கயிற்றை அவர் கையில் கொடுத்தார். மறுத்தால் மானம் போய்விடுமே என்று வாங்கிக்கொண்டார். நாய் அவர் செருப்பை முகர்ந்ததுதான் தாமதம், மனிதர் மேசைமேல் ஏறிவிட்டார்.

அதுவரை விசும்பிக்கொண்டிருந்த பத்தாம் வகுப்புப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சார், அது ஒண்ணும் பண்ணாது. மூச்ச நல்லா இழுத்து விடுங்க, நான் கூடவே இருக்கேன்" என்றாள்.

"கயிற நாங்க பிடிச்சுக்கறோம், இறங்குங்க சார்!" என்று மற்றவர்களும் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் முகத்திலும் தேர்வு அச்சம் இல்லை.

வாசலில் நின்ற தலைமையாசிரியை சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: "நாளைக்கும் நீங்க வந்துடுங்க. நாய் வரலைன்னாலும் பரவாயில்ல."