முகத்துவாரத்து மணலை எங்கே கொட்டுவது?

1. பொக்லைன் வந்த வருடம்

தாராளமயம் வந்து, பாசனத் துறையில் எங்கள் பிரிவுக்கும் முதன்முதலாக ஒரு பொக்லைன் வாடகைக்குக் கிடைத்த வருடம். நான் உதவிப் பொறியாளர். சொந்த ஊர் வலங்கைமான். வாய்க்கால் தூர்வாருவதைப் பார்த்தே வளர்ந்தவள் என்ற மண்டைக்கனம் நிறைய உண்டு. அதிராம்பட்டினத்தை அடுத்த ஓர் ஊரில், ஆறு கடலில் சேரும் முகத்துவாரம் மணல் மூடிக் கிடந்தது. மழை பெய்தால் தண்ணீர் ஊருக்குள் ஏறிவிடும். மழைக்கு முன் அதைத் திறக்க வேண்டும்.

மூன்றே நாளில் திறந்துவிட்டேன். அள்ளிய மணலை, வாய்க்காலில் செய்வதுபோல, பக்கத்திலிருந்த கிழக்குக் கரையிலேயே குவித்தேன். அங்கே வலை காயவைத்துக்கொண்டிருந்த மீனவர் கதிர்வேல் அண்ணன் சொன்னார்: "கிழக்க கொட்டாதீங்கம்மா. வாடக்காத்து அடிச்சா கடல் மேக்கால இழுக்கும். அம்புட்டு மண்ணும் திரும்பி வாயிலதான் வந்து விழும்."

"அண்ணே, நான் இதுக்குத்தான் படிச்சிருக்கேன்" என்றேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

2. முழங்கால் தண்ணீரில் ஜமீலாம்மா

வாடை வீசியது. பத்தே நாளில் வாய் அடைத்துக்கொண்டது. மழையும் சேர, தாழ்வான தெருவில் முழங்கால் தண்ணீர். அந்தத் தெரு ஜமீலாம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சைட்டுக்கே வந்துவிட்டார். அன்றிலிருந்து ஆறாம் நாள் அவர் மகளுக்கு நிக்காஹ்.

"மாப்ள சவுதிலேருந்து ஒரு மாச லீவுல வர்றாரு, தேதிய மாத்த முடியாது. அவர தோணியிலயா வீட்டுக்குக் கூட்டிட்டு வர்றது? சொல்லுங்க இன்ஜினியரம்மா!"

நேராகக் கதிர்வேல் அண்ணனிடம் போய், "தப்பு என்னோடதுண்ணே" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "படிப்புல இத வைக்கலியா? சரி விடுங்க. மொதல்ல கிழக்க மிச்சம் கெடக்குற மண்ண மேக்க மாத்துங்க. அப்புறம் கடல் வத்துற நேரம் பாத்து சின்னதா வெட்டுனா போதும், மிச்சத்த தண்ணியே வெட்டிக்கும்."

டிப்பரில் மணலை மாற்றவே மூன்று நாள் ஆனது. நான்காம் நாள், ஓதம் இறங்கிக் கடல் வற்றும் நேரத்தில், பொக்லைன் ஒரே ஒரு கீறல் போட்டது. தேங்கிய தண்ணீர் மணலை அரித்துக்கொண்டு பாய்ந்த வேகத்தில் டிரைவர் "யம்மாடி!" என்று வண்டியைப் பின்னால் எடுத்தார். சாயங்காலம் தெருவில் சேறு மட்டும்தான். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

மாப்பிள்ளை காரிலேயே வந்து இறங்கினார். பந்தியில் ஜமீலாம்மா என் தட்டில் பிரியாணியைக் குவிக்க, எதிரே இருந்த கதிர்வேல் அண்ணன் கத்தினார்: "பாத்துங்க, மேக்கால கொட்டுங்க!"

ஓய்வு பெறும்வரை நான் போட்ட முகத்துவார எஸ்டிமேட் எல்லாவற்றிலும் முதல் வரி, மணல் எந்தப் பக்கம் கொட்டப்படும் என்பதுதான். அதை எழுதும் முன் அந்தந்தக் கரையில் வலை காயவைப்பவரிடம் கேட்டுவிடுவேன்.