பெயர் அவருடையது, முகவரி என்னுடையது

சென்ற ஆண்டு ஐப்பசியில், அரூர்ப் பேருந்து நிலையத்தை ஒட்டிய ஒரு கணினி மையத்தில் நடந்தது இது. ஓய்வூதிய வேலையாகச் சென்றவன், மழை விடட்டும் என்று அங்கேயே அமர்ந்திருந்தேன்.

கடத்தூர்ப் பக்கத்துப் பெண்மணி ஒருவர், கணவரை இழந்தவர், மையத்துக்காரரிடம் இரைந்துகொண்டிருந்தார். மாணவியர் விடுதி ஒன்றின் காப்பாளர் வேலைக்கு அவர் இங்கிருந்துதான் இணையத்தில் விண்ணப்பித்திருக்கிறார்.

"இன்டர்வியூவுக்கு மெயில் அனுப்பிச்சோம், நீங்கதான் வரலைன்னு சொல்றாங்க. வேற ஆளும் போட்டுட்டாங்களாம். எனக்கு மெயிலே இல்லைங்களே, அது யாருக்குப் போச்சுங்க?"

மையத்துக்காரர் விண்ணப்பத்தைத் திறந்து பார்த்தார். பிறகு தயங்கியபடி என்னைப் பார்த்தார்.

"சார், இது உங்க மெயிலுங்க. முன்ன உங்க பென்ஷன் வேலைக்கு அடிச்சது சிஸ்டத்துலயே நின்னிருக்கு. மெயில் போடாம ஃபார்ம் நகரலைங்க, வந்து நின்னதையே தட்டிவுட்டுட்டேன். பச்சை டிக்கும் வுழுந்துச்சு."

"டிக் வுழுந்தா போதுமா? என் பொழப்பக் கொண்டுபோய் அடுத்த வூட்டுக் கதவுல ஒட்டிட்டு வந்திருக்கீங்களே!"

அந்த மடல்கள் எனக்கு நன்றாக நினைவிருந்தன. திரும்பத் திரும்ப வந்தன. முன்பின் அறியாத ஒரு பெயர், நேர்காணல் நாள், இடம் எல்லாம் தெளிவாகவே இருந்தன. மோசடி என்று நானே தீர்மானித்து அழித்தேன். காலை நடையில் நண்பர்களிடம், இந்த வித்தையெல்லாம் என்னிடம் பலிக்காது என்று பெருமையும் பேசினேன்.

என்னை அறிந்தவர்கள் சிலர் அங்கே இருந்தார்கள். 

"தெரியாத மடல்களை நான் திறப்பதே இல்லை" என்றேன்.

அந்தப் பெண்மணியின் குரல் உடனே தணிந்துவிட்டது.

"நீங்க என்னங்க சார் பண்ணுவீங்க? படிச்சிருந்தா, ஆள் மாறி வந்திருச்சுன்னு அவங்களுக்கு ஒரு வரி எழுதிப் போட்டிருக்க மாட்டீங்களா?"

அந்த ஒரு வரி எனக்குத் தோன்றவே இல்லை. காலமெல்லாம் அலுவலகக் கடிதங்கள் எழுதி நல்ல பெயர் எடுத்தவன் நான்.

பழி முழுவதையும் மையத்துக்காரர் தலைகுனிந்து ஏற்றுக்கொண்டார். அந்தப் பெண்மணி முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கிப் போனார். நான் கூப்பிடவில்லை.

வேலையை இழந்து நின்ற நேரத்திலும் அவர் என்மீது வைத்த அந்த நம்பிக்கைக்கு நான் உரியவனாக இருக்கவில்லை என்பது, இன்றும் யாரேனும் மரியாதையோடு 'சார்' என்று அழைக்கும்போதெல்லாம் என்னைக் கூசவைக்கிறது.