இரண்டு மில்லிமீட்டர் சிறிய துப்பாக்கி

ஒடில் தெத்தியேவின் தொழில் பொய்ப்பல் செய்வது. லியேஜ் நகரின் பல் பட்டறை ஒன்றில் பதினெட்டு வருஷமாக எனக்குப் பக்கத்து மேசை அவளுடையது.

நாற்பது வயதில் அவளுக்கு விவாகரத்து ஆயிற்று. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பாலாடைக்கட்டி வாங்க ஆற்றங்கரைச் சந்தைக்குப் போனவள், தீக்கல் உரசிச் சுடும் பழைய கைத்துப்பாக்கி ஒன்றோடு திரும்பினாள். ஏன் என்று கேட்டதற்கு, "பிடிச்சிருந்துது, வாங்கிட்டேன்" என்றாள்.

ஊரில் பழைய துப்பாக்கி சேகரிப்பவர்களின் சங்கம் ஒன்று காப்பிக்கடை மாடியில் கூடும். எல்லோரும் ஆண்கள். ஒடில் அங்கே போய்த் தன் துப்பாக்கியை மேசையில் வைத்தாள். சங்கத் தலைவர் வாத்லே, ஓய்வுபெற்ற நோட்டரி, அதை ஒரு புரட்டுப் புரட்டிப் பார்த்தார்.

"மேடம், இந்தத் துருவுக்கு உங்க செருப்பைவிட வயசு கம்மி."

மாடியே சிரித்தது. "எதை வச்சுச் சொல்றீங்க?" என்று கேட்டாள். "பாத்தா தெரியும்" என்றார்.

திங்கட்கிழமை அதைப் பட்டறையின் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்தவள், சற்று நேரத்தில் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"இங்க பாருடி. துரு குழி குழியா அரிச்சிருக்கு. செஞ்சவனோட முத்திரை அந்தக் குழிக்குள்ளயும் கூரா இறங்கியிருக்கு. அசலா இருந்தா துருதானே முத்திரையைத் தின்னிருக்கணும்? இவன் இரும்பைத் துருப்பிடிக்க விட்டுட்டு, அப்புறமா முத்திரை அடிச்சிருக்கான்!"

ஏமாந்தவள் போலவே இல்லை. பரீட்சையில் தேறியவள் மாதிரி இருந்தாள்.

அதன்பின் நாலு வருஷம் யாரும் சீண்டாத உடைசல்களாக வாங்கினாள். மதியம் ஒரு கையில் ரொட்டி, மறு கையில் துருப்பிடித்த குழல். மரப்பிடியில் எந்த இடத்தில் அழுக்கு தானாகச் சேரும், எந்த இடத்தில் எவனோ பூசியிருக்கிறான் என்பது அவளுக்குத் தடவிப் பார்த்தாலே தெரிந்தது. மாடிக்குப் போவதையும் விடவில்லை. 'பல்லம்மா வந்தாச்சு' என்ற கேலியை நல்வரவாகவே எடுத்துக்கொண்டாள்.

ஐந்தாம் வருஷம் நகர மன்றம் ஒரு கண்காட்சி வைத்தது. வாத்லே அதற்குத் தன் ஜோடிக் கைத்துப்பாக்கிகளைக் கொடுப்பதாக இருந்தார். ஒருநாள் மாடியில் வெல்வெட் பெட்டியைத் திறந்து காட்டினார். எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். ஒடில் அனுமதி கேட்டு இரண்டையும் எடுத்து, வெகுநேரம் மாற்றி மாற்றிப் பார்த்தாள். நானும் அன்று கூடப் போயிருந்தேன்.

"சார், இது ஜோடி இல்ல. இது அசல். அது இதுக்குப் பொறந்த பிள்ளை."

வாத்லேயின் முகம் சிவந்தது. "பல் கட்டறவங்க எனக்குத் துப்பாக்கி சொல்லிக்குடுக்கப் போறாங்களா?"

"பல் கட்டறவளாத்தான் பேசறேன். ரெண்டுலயும் விசைக்கு மேல இருக்கிற இந்தத் தகட்டு ஓரத்துல ஒரே கீறல், ஒரே வளைவு. ரெண்டு துப்பாக்கிக்கு ஒரே காயம் படுமா? அசலை அச்செடுத்து, மெழுகுல வார்த்திருக்கான். உருக்கின உலோகம் ஆறும்போது சுருங்கும். நாங்க அதுக்கு இடம் விட்டுத்தான் பல் வார்ப்போம். இவன் விடல." கைப்பையிலிருந்து வெர்னியர் அளவுகோலை எடுத்து அவரிடமே நீட்டினாள். "நீங்களே அளங்க."

முதல் தகடு நூற்று நாற்பத்தொரு மில்லிமீட்டர். இரண்டாவது நூற்று முப்பத்தொன்பது. வாத்லே மூன்று முறை அளந்தார். பிறகு அவரே திருகுகளைக் கழற்றினார். தகட்டின் உள்பக்கம் கடுகு போலச் சிறு மணிகள்.

"அச்சுல காத்துக் குமிழி நின்ன இடத்துல உலோகம் போய் நிரம்பியிருக்கு" என்றாள் ஒடில். "எங்க பட்டறையில இப்படி வந்தா அன்னைக்கு முதலாளிகிட்ட நல்லாத் திட்டு கிடைக்கும்."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. வாத்லே ஜன்னலருகே போய் நின்றார். திரும்பி வந்து, தன் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார்.

"உக்காருங்க மேடம்."

கண்காட்சிக்கு இரண்டையுமே அனுப்பினார். கண்ணாடிப் பெட்டியில் சீட்டை அவரே எழுதி வைத்தார்: 'இடப்பக்கம் அசல். வலப்பக்கம் போலி. கண்டறிந்தவர் ஒடில் தெத்தியே, பல் தொழிலாளி.' தொழிலைப் போடத்தான் வேண்டுமா என்று மன்றத்தார் தயங்கினார்களாம். அவர் விட்டுக்கொடுக்கவில்லை. அந்தப் பெட்டி முன்னால்தான் கூட்டம்.

இப்போது எல்லை தாண்டி, கொலோனிலிருந்தும் மாஸ்ட்ரிக்டிலிருந்தும் அவளுக்கு அழைப்பு வருகிறது. ஓடி ஓடிக் கூப்பிட்டு அலுத்துப்போன முதலாளி, தொலைபேசியையே அவள் மேசைக்கு மாற்றிவிட்டார். போன மாதம் ஆகனிலிருந்து ஒருவர், தாத்தாவின் நீளத் துப்பாக்கி போலி என்று எல்லோரும் சொன்னதாகப் புலம்பிக்கொண்டே வந்தார். ஒடில் அரைமணி நேரம் பார்த்தாள்.

"சொன்னவங்க கண்ணுலதான் கோளாறு. சுத்தமான அசல்."

மனிதர் அவளுடைய இரு கன்னங்களிலும் முத்தமிட்டு, என்னையும் முத்தமிட்டு, வாசல்வரை போய்விட்டார். துப்பாக்கி எங்கள் பல் வரிசைகளுக்கு நடுவே கிடந்தது. ஒடில்தான் சத்தம் போட்டுக் கூப்பிட்டாள்.