மணியடித்தவரைப் பற்றி ஒரே ஒரு வரி

வேலை போன மூன்றாவது மாதம் அந்த சர்ச்சுக்குப் போனேன். ஜெபம் பண்ண இல்லை. பழைய பதிவேடுகளை ஸ்கேன் செய்யும் தற்காலிக வேலைக்கு. ஐ.டி. கம்பெனியில் எட்டு வருஷம் இருந்தவளுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று ஆரணியிலிருந்து அம்மா போனில் கேட்டாள். அறையில் சும்மா உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று அவளிடம் சொல்லவில்லை. ஜோகுபாளையத்தில் என் அறையிலிருந்து நடந்தே போய்விடலாம் என்று மட்டும் சொன்னேன்.

பெங்களூர் கண்டோன்மென்ட்டில் வெள்ளைக்காரப் பட்டாளத்துக்காகக் கட்டிய ஆங்கிலிக்கன் சர்ச் அது. பெஞ்சுகளின் முதுகில் துப்பாக்கி சாய்த்து வைக்க வெட்டிய பள்ளங்கள் இன்னும் இருக்கின்றன. சுவர் முழுக்கப் பளிங்குப் பலகைகள். காய்ச்சலில் செத்த லெஃப்டினன்ட், பிரசவத்தில் செத்த கேப்டன் மனைவி, சில நாள் மட்டும் வாழ்ந்த குழந்தை. இப்போது ஞாயிறு காலையில் முதலில் இங்கிலீஷ் ஆராதனை, அது முடிந்ததும் தமிழ் ஆராதனை. சர்ச்சின் சரித்திரத்தைப் புத்தகமாகப் போடப் போகிறார்கள் என்பதால்தான் ஸ்கேன் வேலை.

என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. ஒரு பக்கம் ஸ்கேன் ஆவதற்குள் இரண்டு முறை மெயில் பார்ப்பேன். வாசல் வரை போய்த் திரும்புவேன். மேஜைக்கடியில் என் கால் ஆடுவதைப் பார்த்து, “டீ சாப்பிட்டு வாம்மா” என்பார் கமிட்டி செயலாளர். ரிட்டையரான பேங்க் அதிகாரி. நல்ல மனிதர்தான்.

ஒரு மத்தியானம் நீலசந்திராவிலிருந்து ஒரு அக்கா வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஆஸ்பத்திரியில் ஹவுஸ்கீப்பிங் வேலை. டியூட்டி முடிந்து யூனிஃபார்மோடே வந்திருந்தார்.

“சரித்திரம் எழுதுறீங்களாமே. எங்கப்பா பேரு வருதாம்மா?”

அவருடைய அப்பா இந்த சர்ச்சில் நாற்பது வருஷம் மணியடித்தவராம். செயலாளரிடம் கேட்டதற்கு, எழுத்தில் ஏதாவது இருந்தால் சேர்க்கலாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

“எழுத்துக்கு நான் எங்க போவேன்? புக்கெல்லாம் உங்க கையிலதான இருக்கு. ஸ்வல்ப பாருங்களேன், கொஞ்சம்.”

பார்க்கிறேன் என்றேன். உண்மையில் எனக்கே அது ஒரு பிடிமானமாக இருந்தது. அதுவரை பக்கங்களைத் திருப்பிப்போட்டுக்கொண்டிருந்தவள் அன்றிலிருந்து படிக்க ஆரம்பித்தேன். ஆர்கன் ரிப்பேருக்கு மூன்று பக்கம். கவர்னர் வந்த நாளில் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்பதற்கு ஒரு பக்கம். கல் சுமந்தவர்கள், பங்கா விசிறி இழுத்தவர்கள், குழி தோண்டியவர்கள் எல்லாரும் தமிழர்களாகத்தான் இருந்திருக்க வேண்டும். யார் பெயரும் இல்லை.

மூன்று வாரம் கழித்துக் கமிட்டிக் கூட்டத்தின் மினிட்ஸ் ஒன்றில் கிடைத்தது. ஒரே வரி. காலை ஆராதனைக்கு மணியடிக்கும் ஆள் வரவில்லை, கண்டிக்கப்பட்டான். காலத்தைப் பார்த்தால் அக்காவின் அப்பாவேதான். பெயர் அதிலும் இல்லை.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. எத்தனையோ நாளாகக் காத்திருந்த இன்டர்வியூ. சர்ச் வாசலில் இருந்த தூங்குமூஞ்சி மரத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தபடி பதில் சொன்னேன். அவர்கள் கேட்டது பாதி காதில் ஏறவில்லை.

மறுநாள் அக்கா வந்ததும் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினேன். தமிழில் படித்துச் சொல்லும்போது “கண்டிக்கப்பட்டார்” என்றேன்.

“ஆர்னு மரியாதையாவா எழுதியிருக்காங்க?”

“இங்கிலீஷ்ல அதெல்லாம் கிடையாதுக்கா.”

கொஞ்ச நேரம் அந்த எழுத்தையே பார்த்தார். தொடவில்லை.

“நாப்பது வருஷம் அடிச்சாரு. வராத ஒரு நாளத்தான் எழுதணுமா?” குரல் உயரவில்லை, முகம் மட்டும் சிவந்துவிட்டது. “இது நான் பொறக்கறதுக்கு முன்னாடி. அன்னிக்கு ஏன் வரலன்னு யார்கிட்டப் போய்க் கேப்பேன்? இதப் போட வேணாம்மா. திட்டு வாங்கினதா போடணும்?”

அவர் போன பிறகு நேராகச் செயலாளரிடம் போனேன்.

“மணியடிக்க ஆள் இருந்தாருன்னு வரி இருக்கு சார். பேருதான் இல்ல. பேர அவங்க பொண்ணு சொல்றாங்க. அது போதாதா?”

“ஒருத்தர் பேரப் போட்டா நூறு பேர் வந்து நிப்பாங்கம்மா.”

“வரட்டுமே சார்!”

எனக்கே தூக்கிவாரிப் போட்டது. வெளியாள் நான், அந்த சர்ச்சுக்குள் யாரிடமும் சத்தமாகப் பேசியதில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஆனால் அடுத்த ஞாயிறு தமிழ் ஆராதனையில் பாஸ்டர் அறிவித்தாராம், இங்கே வேலை செய்த குடும்பத்தார் பெயர் கொடுக்கலாம் என்று. திங்கட்கிழமை என் மேஜை முன்னால் பதினாறு பேர் நின்றார்கள். சமையல்காரர், ஆயா, தச்சர், கல்லறைத் தோட்டக்காரர். எழுதிக்கொண்டே இருந்தேன். அன்றைக்கு மெயில் பார்த்தேனா என்று நினைவில்லை.

அந்த இன்டர்வியூ ஊற்றிக்கொண்டது. வேறொன்றில் வேலை கிடைத்து ஒயிட்ஃபீல்டுக்குப் போய்விட்டேன். புத்தகம் வந்த ஞாயிற்றுக்கிழமை, ஏதோ சாஃப்ட்வேர் ரிலீஸ் வேலை என்று ஆபீஸில் உட்கார்ந்திருந்தபோது அக்கா போன் செய்தார்.

“அப்பா பேரு வந்துடுச்சும்மா. கடைசிப் பக்கத்துல. ஆனா ஒரு எழுத்து தப்பு.”

டைப் செய்தது நான்தான்.

“அய்யோ, நான்தான்க்கா...”

“விடு விடு. என் புக்குல பேனாவால சரி பண்ணிட்டேன். மேஜைல அடுக்கியிருந்ததையும் ஒண்ணொண்ணா எடுத்துத் திருத்தினேன். முப்பது புக்கு ஆனப்ப செயலாளர் ஓடி வந்துட்டாரு.”

“என்ன சொன்னாரு?”

“என்ன சொல்லுவாரு? பேனாவப் புடுங்கிக்கிட்டாரு. பரவால்ல, பேக்ல இன்னொண்ணு இருக்கு.”